வடிகாலுக்கு முடி போட்ட கதை

வடிகாலுக்கு முடி போட்டது நான்தான். அதைப் பார்க்காமல் விட்டது ஒற்றக்கா. நாங்கள் இருவரும் சேர்ந்து அந்த ஒரு தப்பைச் செய்யாமல் இருந்திருந்தால், ஒரு தையற்காரி இன்றுவரை ஊர் வாயில் திருடியாகவே இருந்திருப்பார். தப்பிலும் ஒரு நன்மை உண்டு என்று யாராவது வேதாந்தம் பேசினால் முன்பெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்போது வாயை மூடிக்கொள்கிறேன்.

நான் அச்சகத்தில் தட்டச்சு செய்கிறவன். எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கணினியில் அடிப்பது என் வேலை. அடித்ததில் உள்ள பிழையைத் திருத்துவது ஒற்றக்காவின் வேலை. அச்சகம் மூன்றே அறைகள், ரயில் பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக. முன் அறையில் இயந்திரம். அது ஓடும்போது பக்கத்து மேசையில் வைத்த தேநீர் தம்ளர் தானாக நகரும். நடு அறையில் நான். கடைசி அறையில், ஜன்னலை ஒட்டி, ஒற்றக்காவின் மேசை. அதன்மேல் ஒரு சிவப்புப் பேனா, ஓர் அடிக்கோல், முனை மடங்கிப்போன ஓர் அகராதி. அந்த அகராதியிலேயே பதினேழு இடத்தில் அவருடைய சிவப்பு மை இருக்கிறது.

‘ஒற்றக்கா’ என்று பெயர் வைத்தது இயந்திரம் ஓட்டுகிறவர். நாள் முழுக்க ‘இங்கே ஒற்று மிகும், அங்கே மிகாது’ என்று அக்காவின் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும். பழம் வாங்கப் போனாலும் அப்படித்தான். ‘பழ கடை’ என்று பலகையில் எழுதியிருந்தால் முதலில், “நடுவுல இருந்த ‘க்’ எங்கங்க போச்சு?” என்பார். அப்புறம்தான் விலை. அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் கேட்டு ஒருவர் கடிதம் எழுதினாராம். அதில் நான்கு பிழைகள் இருந்தனவாம். நான்கையும் திருத்தி, நாகரிகமாகத் திருப்பி அனுப்பிவிட்டாராம். எவ்வளவு உண்மை என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அவர் பிழை பார்ப்பதே ஒரு தினுசு. முதலில் நான் மூலத்தை உரக்கப் படிக்க வேண்டும். கமா வந்தால் ‘கமா’ என்று சொல்ல வேண்டும். வாக்கியம் முடிந்தால் ‘முற்றுப்புள்ளி’. அவர் என் குரலைப் பிடித்துக்கொண்டே அச்சுப் படியில் விரலை நகர்த்துவார். அது முடிந்ததும் என்னை வெளியே அனுப்பிவிட்டு, கடைசிச் சொல்லில் தொடங்கி முதல் சொல்வரை, தலைகீழாக ஒருமுறை படிப்பார்.

“மேலேயிருந்து படிச்சா பொருள் நம்மள இழுத்துட்டுப் போயிடும். இல்லாத எழுத்த மனசே போட்டுப் படிச்சுக்கும். கீழேயிருந்து படிச்சா மனசால ஏமாத்த முடியாது” என்பார்.

அதன்பிறகுதான் படியின் ஓரத்தில் சிவப்பு மையில் ‘சரி’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதி இடுவார். அந்த ‘சரி’ இல்லாமல் இயந்திரம் ஓடாது. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான். அந்த ‘சரி’ போட்ட பிறகு ஒரு பிழையும் தப்பியதில்லை என்பதில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. முன் அறையில் அவரே ஓர் அட்டை எழுதி மாட்டியிருந்தார்: ‘இங்கே அச்சானதில் பிழை கண்டால் தயங்காமல் சொல்லவும்.’ யாரும் வந்ததில்லை. அதனால்தான் மாட்டியிருந்தார்.

ஒற்றக்காவும் அவர் தங்கையும் ஒரே வீட்டில் இருந்தார்கள். தங்கை தையற்காரி. பள்ளத்துத் தெருவில் முன்பக்கம் தையல் கடை, பின்பக்கம் இரண்டு அறை வீடு. கடைக்கு முன்னால் வடிகால் ஓடியது. அகலம் இரண்டடி, ஆழம் இடுப்பளவு, மேலே ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தாங்களே ஒரு மரப்பலகையைக் குறுக்கே போட்டுக்கொண்டு, கழைக்கூத்தாடி மாதிரி வீட்டுக்குள் போய்வந்தார்கள். இத்தனைக்கும் அதை மூடச் சொல்லி அந்தத் தெரு எழுதாத மனு இல்லை.

போன நவம்பரில் மூன்று நாள் விடாமல் மழை. தைத்து முடித்த சட்டைக்கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு தங்கை பலகைமேல் கால் வைத்தார். பலகை நழுவியது. வலது காலில் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் எலும்பு முறிந்தது. தையல் இயந்திரத்தை மிதிக்கிற கால். சட்டைக்கட்டை மட்டும் நனையாமல் தூக்கிப் பிடித்திருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எனக்கு அதைக் கேட்டதும் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் தெருவே திரண்டு நகராட்சி வாசலில் போய்ச் சத்தம் போட்டது. அதற்கு மறுநாள், நவம்பர் ஐந்தாம் தேதி காலையில், நகராட்சியிலிருந்து எங்கள் அச்சகத்துக்கு ஓர் அவசர வேலை வந்தது. அரைப் பக்கப் படிவம். இருநூறு படிகள். மத்தியானத்துக்குள் வேண்டும். எங்கள் அச்சகத்தின் பாதி வேலை நகராட்சி வேலைதான். அவர்கள் குனி என்றால் எங்கள் முதலாளி படுத்தேவிடுவார்.

இரண்டு நாளாக ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒற்றக்கா நேராக வேலைக்கு வந்திருந்தார். கண் இரண்டும் அவரது பேனா நிறத்தில் இருந்தன. நான் அவசரமாக அடித்தேன். அவசரமாகப் படித்துக் காட்டினேன். அவர் மேலேயிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். ‘சரி’ போட்டார். கீழேயிருந்து மேலே படிக்கவில்லை. நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், பாவம் களைப்பு என்று சும்மா இருந்துவிட்டேன். அந்தப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று இருவருமே யோசிக்கவில்லை. எழுத்தைத்தான் பார்க்க வேண்டும், பொருளைப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் தொழில் தர்மம். அன்று எழுத்தையும் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை நகராட்சிப் பொறியாளர் வாய் திறந்தார். அந்த வடிகாலுக்குப் போன ஏப்ரல் மாதமே சிமெண்டு மூடிகள் போட்டாகிவிட்டதாம். தெருவில் முப்பத்தொரு வீட்டார் ‘திருப்தி’ என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறார்களாம். அப்படியானால் மூடிகள் எங்கே? அவற்றைத் தெருக்காரர்களே பெயர்த்து எடுத்துக்கொண்டார்களாம்! குறிப்பாக, தையல் கடைக்காரி ஒரு மூடியைத் திருடித் தன் கடைக்குப் படியாகப் போட்டுக்கொண்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் பூசணிக்காயைத் தானே தின்றுவிட்டு, இலைபோட்டு உட்கார்ந்திருந்தவர்களைத் திருடர்கள் என்றார்.

கடை வாசலில் ஒரு சிமெண்டுப் பலகை படியாகக் கிடந்தது உண்மைதான். கட்டடம் கட்டிய காலத்திலிருந்தே கிடக்கிறது. ஆனால் அடுத்த வாரமே கடைக் கதவில் ஓர் அறிவிப்பை ஒட்டிவிட்டுப் போனார்கள்: பொதுச் சொத்தைக் கவர்ந்த குற்றத்துக்காகக் கடையின் உரிமம் ஏன் ரத்து செய்யப்படக் கூடாது?

தங்கை வாயாடி. தையல் இயந்திரம் நின்றாலும் அவர் வாய் நிற்காது. அந்தக் காகிதத்தைப் பார்த்த நாளிலிருந்து பேச்சு நின்றுவிட்டது. கட்டுப் போட்ட காலோடு பின் அறையிலேயே இருந்தார். நான் பார்க்கப் போனபோது ஒன்றுதான் சொன்னார்.

“கால் போனா போகுதுண்ணே. கட்டுப் போட்டா சேர்ந்துடும். திருடின்னு எழுதி என் கதவுலயே ஒட்டிட்டாங்களே. துணி குடுத்திருந்தவங்க ரெண்டு பேர், தைக்காமலே திருப்பி வாங்கிட்டுப் போயிட்டாங்க.”

ஒற்றக்கா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அழவில்லை, சபிக்கவில்லை. “எழுத்துல போட்டிருக்கான். எழுத்துலயே பாத்துக்கறேன்” என்றார். அன்று சாயங்காலமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் முதல் மனு எழுதினார். பள்ளத்துத் தெருச் சாக்கடைக்கு மூடி போட்டதற்கான எல்லா ஆவணங்களின் நகலும் வேண்டும்.

சட்டம் கொடுத்த நாட்களில் ஒருநாள் பாக்கி இருக்கும்போது பதில் வந்தது. ஒரே வரி: ‘தாங்கள் கோரியுள்ள சாக்கடை என்ற பெயரில் எமது பதிவேடுகளில் எதுவும் இல்லை.’

நான் கொதித்துப் போனேன். ஒற்றக்கா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

“வார்த்தையில சண்டைக்கு வர்றாங்கப்பா. என்கிட்ட! வார்த்தையில!” என்று மேசையைத் தட்டினார்.

இரண்டாவது மனுவை நான்தான் அடித்தேன். ‘சாக்கடை அல்லது கழிவுநீர்க் கால்வாய் அல்லது மழைநீர் வடிகால் அல்லது வாய்க்கால் அல்லது ஓடை அல்லது பள்ளம், அல்லது தங்கள் பதிவேடுகளில் எப்பெயரால் அழைக்கப்படினும், எனது தங்கை விழுந்து காலை முறித்துக்கொண்ட அந்த நீளமான குழி’ என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம் போயிற்று. மூடிக்கும் அதேபோல மூடி, பலகை, தளக்கல், மறைப்பு என்று எட்டுச் சொற்கள் போட்டிருந்தார். அதில் ஒரு புழு நுழைய இடமில்லை.

இந்த முறை வேறு வழியில்லாமல் நேரில் வரச் சொன்னார்கள். நானும் கூடப் போனேன். பொறியாளரின் அறையில் மேசைக் கண்ணாடிக்கு அடியில் அவர் குடும்பப் படம் சிரித்துக்கொண்டிருந்தது. அவரும் சிரித்தார்.

“அச்சகத்துல உங்களுக்கு ஒற்றக்கான்னு பேராமே? அதான் இங்கயும் ஒற்று வேலை பாக்க வந்துட்டீங்களா?”

“என் வேலை ஒற்று மிகுமா மிகாதான்னு பாக்கறது சார். உங்க ஆபீஸ்ல என்ன மிகுதுன்னு பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

அவர் சிரிப்பு பாதியில் நின்றது. “தங்கச்சி கடைக்கு உரிமம் இருக்கு. உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. ரெண்டும் இருக்கட்டுமே. எதுக்கும்மா வீண் வம்பு?”

“ரெண்டும் இருக்கட்டும்தான். அதோட நகலும் இருக்கட்டும்” என்று கையை நீட்டினார் ஒற்றக்கா.

கொடுத்தார்கள். முப்பத்தொரு கடிதங்கள். எல்லாம் அச்சடித்த ஒரே படிவம். பெயர், வீட்டு எண், தேதி, கையெழுத்து மட்டும் பேனாவில். தேதி எல்லாவற்றிலும் ஏப்ரல். தங்கை பெயரிலும் ஒன்று இருந்தது. அவரிடம் காட்டியபோது வெகுநாளைக்குப் பிறகு வாய் திறந்தார்.

“கையெழுத்து என்னோடதவிட அழகா இருக்கு. எந்தப் படுபாவி போட்டானோ.”

தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டோம். யாரும் ஏப்ரலில் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அதை எழுதித் தாருங்கள் என்றதும் முக்கால்வாசிப் பேருக்கு அடுப்பில் ஏதோ தீய்ந்துபோகும் வாசனை வந்து உள்ளே ஓடிவிட்டார்கள். மூன்றே மூன்று பேர் எழுதிக் கொடுத்தார்கள். நகராட்சி வாசலில் தொண்டை கிழியக் கத்திய அதே தெருதான் இது. எனக்கு வந்த கோபத்துக்கு, பலகைகளையெல்லாம் உருவி எறிந்துவிடலாமா என்றிருந்தது.

“விடு. அவங்க கதவுலயும் ஏதாவது ஒரு காகிதத்த ஒட்டுவாங்கன்னு பயம். பயந்தவங்கள ஏசி என்ன ஆகப்போகுது” என்றார் ஒற்றக்கா.

மறுநாள் அச்சகத்தில், அந்த முப்பத்தொரு நகல்களையும் மேசையில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். பழக்கதோஷம், விரல் கீழேயிருந்து மேலே போனது. ‘உள்ளது, திருப்திகரமாக, பணி…’ உதடு அசைந்துகொண்டே வந்தது. திடீரென்று நின்றது. அடிக்கோலை எடுத்து அந்த வரிக்கு அடியில் வைத்தார். அடுத்த தாளில் வைத்தார். அதற்கடுத்ததில் வைத்தார்.

“இங்க வா. இந்த வரியப் படி.”

“எங்கள் தெருவில் உள்ள வடிகாலுக்கு முழுமையாக மூடி போடப்பட்டுள்ளது, முற்றுப்புள்ளி.”

“எழுத்தப் பாத்துப் படிடா!”

பார்த்தேன். ‘வடிகாலுக்கு முழுமையாக முடி போடப்பட்டுள்ளது.’ நெடிலுக்கு வேண்டிய ஒரு சின்னச் சுழி இல்லை. முப்பத்தொரு வீட்டாரும் தங்கள் வடிகாலுக்கு முழுமையாகத் தலைமுடி முளைத்துவிட்டதாகவும், அது தங்களுக்குத் திருப்திகரமாக இருப்பதாகவும் சான்றளித்திருந்தார்கள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. “இது நம்ம எழுத்துரு. நம்ம கட்டம். நம்ம படிவம்” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மழை நாள். மத்தியானத்துக்குள் இருநூறு படிகள். நவம்பர் ஐந்து.

தங்கையைத் திருடியாக்கிய காகிதத்தை நான் அடித்திருக்கிறேன், அக்கா ‘சரி’ போட்டிருக்கிறார்.

“அடிச்சது நான்தான்க்கா. என் தப்பு.”

“அடிக்கிறவன் தப்பா அடிப்பான். அதப் பாக்கத்தானே நான் உக்காந்திருக்கேன்” என்றார். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக, தன் பிழையைத் தானே வட்டமிட்டார்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று நான் தேற்றினேன். “சறுக்கின இடத்துல யானையோட கால்தடம் நல்லா ஆழமா விழும். அதான் வேணும் எனக்கு” என்றார். எனக்கு அப்போது புரியவில்லை.

முதலாளிக்கு உடனே புரிந்துவிட்டது. வேலை இழந்துவிடுவோமோ என்ற பயம் புத்தியைத் தீட்டிவிடும் போலிருக்கிறது.

“நீங்க சரி போட்ட படி நம்ம கோப்புல இருக்கு. அதை எடுத்து வெளிய காட்டினா நகராட்சி வேலை மொத்தமும் போச்சும்மா. உப்புப் போட்டவங்க. அதோட, உங்க பேரும்தான் கெடும். முன்னால ஒரு அட்டை மாட்டி வெச்சிருக்கீங்களே, அதையும் யோசிங்க.”

“நம்ம கோப்ப நான் தொடல சார். உங்க உப்புக்குத் துரோகம் பண்ணமாட்டேன். அச்சடிச்சதோட அனுப்பின படி ஒண்ணு அவங்க கோப்புலயே இருக்குமே.”

மூன்றாவது மனு அதற்குத்தான். அதைப்போல ஒரு சாதுவான மனு உலகத்தில் இருக்காது. ‘திருப்திச் சான்றுப் படிவத்தை அச்சிடக் கொடுத்த ஆணையின் நகலும், ஒப்புதல் பெற்ற அச்சுப் படியின் நகலும் வேண்டும்.’ அவ்வளவுதான். கையெழுத்துகளைப் பற்றியோ மூடிகளைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. நகராட்சி எழுத்தர், அம்மா தோற்றுப்போய்க் காகித அளவைக் கேட்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்திருக்க வேண்டும். பத்தே நாளில் பதில் வந்தது. ஆணை, தேதி நவம்பர் ஐந்து. அச்சுப் படி, ஓரத்தில் ‘சரி’, ஒற்றக்காவின் கையெழுத்து, நவம்பர் ஐந்து. அதன்மேல் ‘உண்மை நகல்’ என்று நகராட்சியின் முத்திரை வேறு. கழுத்தை நீட்டியதும் அல்லாமல், கயிற்றிலும் முத்திரை குத்திக் கொடுத்திருந்தார்கள்.

பொய்யான தகவல் தந்தார்கள் என்று ஒற்றக்கா தகவல் ஆணையரிடம் முறையிட்டார்; விசாரணைக்கு நாள் குறித்தார்கள். கடை உரிமம் பற்றிய முடிவையும் அதுவரை நிறுத்தி வைத்தார்கள். முதலாளி, “நான் ஒண்ணும் பாக்கல, கேக்கல” என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, எங்கள் இருவருக்கும் அன்று விடுப்புக் கொடுத்தார்.

நீளமான மேசை. ஒரு பக்கம் பொறியாளரும் கோப்புகளைச் சுமந்த இரண்டு பேரும். இன்னொரு பக்கம் ஒற்றக்கா, ஊன்றுகோலோடு தங்கை, நான். மேசை முனையில் ஆணையர், கண்ணாடியை மூக்கு நுனியில் தாங்கிய ஓர் அம்மா. ஒற்றக்கா இரண்டு தேதிகளையும் எடுத்துச் சொன்னார். நவம்பரில் அச்சான தாளில் ஏப்ரலில் எப்படிக் கையெழுத்துப் போட முடியும்?

பொறியாளர் அசரவில்லை. “இந்தப் படிவம் பல வருஷமா இருக்கும்மா. வேற வேற அச்சகத்துல அடிப்போம். தீர்ந்துபோனா மறுபடி அடிப்போம். நவம்பர்ல அடிச்சது மறுபதிப்பு. ஏப்ரல்ல இருந்தது பழைய இருப்பு. அவ்வளவுதான்.”

ஆணையர் ஒற்றக்காவைப் பார்த்தார். “இதுக்கு என்ன சொல்றீங்க?”

“இந்தக் கடிதத்துல நாலாவது வரிய மட்டும் ஒருதடவை படிங்கம்மா.”

ஆணையர் படித்தார். “எங்கள் தெருவில் உள்ள வடிகாலுக்கு முழுமையாக மூடி போடப்பட்டுள்ளது.”

“இன்னொருதடவை. கடைசி வார்த்தையில இருந்து முதல் வார்த்தைக்கு.”

பொறியாளர் பக்கத்தில் யாரோ கனைத்தார்கள். ஆணையர் புருவத்தை உயர்த்தினார், ஆனாலும் படித்தார். “போடப்பட்டுள்ளது… முடி…” நிறுத்தினார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “முடியா?”

தங்கை முதலில் களுக்கென்று சிரித்தார். கோப்பு சுமந்தவர்களில் ஒருவரும் சிரித்துவிட்டார். பொறியாளர் திரும்பி முறைத்ததும் நிறுத்திக்கொண்டார்.

“ஒரு அச்சுப் பிழை! இதெல்லாம் ஒரு சாட்சியமா?” என்று கத்தினார் பொறியாளர்.

ஒற்றக்கா எழுந்து நின்றார்.

“ஆமா சார், பிழைதான். யார் பிழைன்னு கேளுங்க. என் பிழை. இருபத்திரண்டு வருஷமா பிழை பாக்கறேன். எனக்குத் தெரிஞ்சு தப்பவிட்டது இந்த ஒண்ணுதான். இவ கால் ஒடிஞ்சு ஆஸ்பத்திரியில கிடந்தா. நான் தூங்காத கண்ணோட வந்து, ஒழுங்காப் படிக்காம ‘சரி’ போட்டேன். நவம்பர் அஞ்சாந்தேதி காலையில, எங்க அச்சகத்துல, அந்த ஒருநாள்தான் இந்தப் பிழை பொறந்துச்சு. அந்தப் படி இதோ இருக்கு, உங்க முத்திரையோட. உங்க பழைய இருப்புலயும், வேற அச்சகத்துலயும் வடிகாலுக்கு முடி மொளச்சிருந்தா, ஒரு தாளக் காட்டுங்க. ஒண்ணே ஒண்ணு போதும். நான் இங்கயே மன்னிப்புக் கேட்டுட்டுப் போறேன்.”

பொறியாளர் கோப்புக்காரர்களைப் பார்த்தார். கோப்புக்காரர்கள் கோப்பைப் பார்த்தார்கள்.

“முப்பத்தோரு தாள்லயும் என் பிழை இருக்கு. என் பிழை எப்பப் பொறந்துச்சோ, அதுக்கப்புறம்தான் இந்தக் கையெழுத்தெல்லாம் பொறந்திருக்கு. இவ விழுந்ததுக்கு அப்புறம், சார். இவளத் திருடியாக்கறதுக்காக.”

ஆணையர் கொஞ்சம் தாழ்ந்த குரலில் கேட்டார். “இந்தப் பிழைய நீங்கதான் விட்டீங்கன்னு பதிவு பண்ணணும். அந்த உத்தரவ யார் வேணா படிக்கலாம். உங்க தொழில்ல அது உங்களுக்கு… யோசிச்சுக்கிட்டீங்களா?”

“பதிவு பண்ணுங்க. பெரிய எழுத்துல போட்டாலும் சரி.”

எனக்கு அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்து, “அடிச்சது நான்தாம்மா, அதையும் சேத்துக்குங்க” என்றேன். “நீங்க யாரு?” என்று ஆணையர் கேட்டார். “முடி போட்டவன்” என்றேன். ஒற்றக்கா என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

அதன்பிறகு நடந்தவை எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தன. பொறியாளர் தற்காலிக நீக்கத்தில் இருக்கிறார், விசாரணை நடக்கிறதாம், நடக்கட்டும். பள்ளத்துத் தெரு வடிகாலுக்கு உண்மையான மூடிகள் வந்தன. எழுதித் தரப் பயந்தவர்கள் எல்லாம் அவற்றின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நாங்கள் அன்றே சொன்னோமே என்று பேசினார்கள். எங்கள் அச்சகத்துக்கு நகராட்சி வேலை வருவதில்லை. முதலாளி தினம் ஒருமுறை அதைச் சொல்லிப் புலம்புகிறார்; புதிதாக வருகிற வாடிக்கையாளரிடம், “வடிகாலுக்கு முடி போட்ட அச்சகம் எங்களோடதுதான்” என்று பெருமையும் அடித்துக்கொள்கிறார். முன் அறை அட்டையை ஒற்றக்கா கழற்றவில்லை. கீழே ஒரு வரி மட்டும் சேர்த்தார்: ‘இதுவரை கண்டது: ஒன்று.’

உத்தரவின் நகல் மூடிகளுக்குப் பிறகுதான் வந்தது. அன்று மாலை, தங்கை எங்களைக் கடைக்கு வரச் சொன்னார். கடைக் கதவு இரண்டையும் விரியத் திறந்து வைத்திருந்தார். கட்டுப் பிரித்த காலை ஒரு முக்காலிமேல் நீட்டியிருந்தார். மூடிகள்மேல் உட்கார்ந்திருந்த தெருக்காரர்களுக்குக் கேட்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

“அச்சகத்துல படிப்பீங்களாமே, அந்த மாதிரியே படிங்கண்ணே. ஒண்ணும் விடாம.”

நான் நகலைப் பிடித்துக்கொண்டு படித்தேன். ஒற்றக்கா இன்னொரு நகலில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். மூன்று பக்கம். கமாவுக்குக் கமா சொன்னேன். தன் பிழையைப் பற்றிய பத்தி வந்தபோதும் ஒற்றக்காவின் விரல் நிற்கவில்லை. வாசலில் பேச்சு அடங்கிவிட்டது. கடைசி வரிக்கு வந்தேன்.

“ஆகவே கமா, அந்த வடிகாலுக்கு மூடிகள் போடப்பட்டதற்கு நம்பத்தக்க ஆவணம் எதுவும் இல்லை அரைப்புள்ளி, போடப்படாத மூடியை எவரும் திருடியிருக்க முடியாது முற்றுப்புள்ளி.”

“மூடிதானே?” என்றார் தங்கை.

“மூடிதான்” என்றார் ஒற்றக்கா. “கீழேயிருந்தும் படிச்சுட்டேன்.”

தங்கை முக்காலியிலிருந்து காலை இறக்கி, தையல் இயந்திரத்தின் மிதியில் மெதுவாக வைத்தார். வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அண்ணே, அந்தக் கடைசி வரிய மறுபடி படிங்க. முற்றுப்புள்ளிய மட்டும் இன்னும் கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க.”